ஏசித் தண்ணீர் அறைக்குள் சொட்டுகிறது, ஏசிக்குக் கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள்: நிரப்பலாமா?

மே 9, இரவு 10.15 (மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

படுக்கையறையில் 1.5 டன் ஸ்பிளிட் ஏசி. வாங்கி நாலு வருஷம் ஆகிறது. போட்டவுடன் ஒன்றும் தெரிவதில்லை. நள்ளிரவு தாண்டியதும் இடது மூலையிலிருந்து சொட்ட ஆரம்பித்து, விடியும்போது கட்டில் தலைமாடு நனைந்துவிடுகிறது. கூலிங்கில் குறையில்லை. வந்து பார்த்த மெக்கானிக் ‘கேஸ் குறைஞ்சிருக்கு சார், 3500 ஆகும்’ என்கிறார். போன மாதம்தான் வாட்டர் சர்வீஸ் செய்தோம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 9, இரவு 10.50

போடாதீர்கள். கேஸ் குறைந்தால் முதலில் அடிவாங்குவது கூலிங்தான், உங்களுக்கு அது நன்றாக இருக்கிறது. கேஸ் குறைவால் தண்ணீர் ஒழுகவே ஒழுகாது என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு படி இருக்கிறது. காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டும், அது உருகும்போது கீழே தண்ணீர் பிடிக்கும் டிரேக்குள் விழாமல் கண்ட இடத்தில் வழியும். முன் மூடியைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி ஓடி ரெண்டு மணி நேரம் ஆன பிறகும் காயிலில் வெள்ளையாக ஐஸ் இல்லையென்றால் கேஸ் கதை அத்தோடு முடிந்தது.

எனக்குச் சந்தேகம் டிரேத் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் பைப் மேல். ‘போன மாதம்தான் சர்வீஸ்’ என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. சர்வீஸில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி ஜெட் அடிக்கும்போது காயிலில் அப்பியிருந்த அழுக்கெல்லாம் டிரேக்கு இறங்கும், அங்கிருந்து பைப்புக்குள் போகும். கடைசியில் ரெண்டு மக் நல்ல தண்ணீர் ஊற்றி, வெளியே வேகமாக வருகிறதா என்று பார்த்தால்தான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். பல பேர் பார்ப்பதில்லை. அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்திருக்கும்.

ஏசிக்குக் கீழே ஸ்டெபிலைசர் மாட்டியிருந்தால் இன்று ராத்திரி ஏசியே வேண்டாம். ஏசிக்கான எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு ஃபேனில் படுங்கள்.

மே 10, காலை 6.20

‘ஏன் நள்ளிரவுக்கு மேல் மட்டும்?’ என்று கேட்டிருக்கிறார். பைப் முழுசாக அடைக்கவில்லை, பாதி அடைத்திருக்கிறது. தண்ணீர் வரும் வேகத்தைவிடப் போகும் வேகம் கொஞ்சம் குறைவு. அந்த மிச்சம் டிரேயில் ஏறிக்கொண்டே வந்து, விளிம்பைத் தொட்டதும் உங்கள் தலையணைக்கு வருகிறது. முழு அடைப்பாக இருந்தால் இவ்வளவு நேரம் தாங்காது.

எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைப் பலர் குறைத்தே நினைக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் 1.5 டன் ஏசி முழுவேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வரும். ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே ஏசியை மே மாதம் டெல்லியில் மாட்டினால் இந்த அளவுக்கு வராது, அங்கே வெயில்தான் அதிகம், ஈரம் குறைவு. நமக்குச் சாயந்திரம் கடல்காற்று வந்தால் ‘அப்பாடா’ என்கிறோம். அந்தக் காற்று கொண்டுவரும் ஈரத்தைத்தான் ராத்திரி முழுக்க ஏசி பிழிந்து வெளியே விடுகிறது.

மே 10, காலை 7.40

எப்படிச் சுத்தம் செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் மெயின் எம்சிபியை இறக்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. பெரும்பாலான மாடல்களில் கன்ட்ரோல் போர்டு வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும், அதன் மேல் தண்ணீர் பட்டால் 3500 ரூபாயில் முடியாது. அப்புறம் வெளியே போய் பைப்பின் வாயைப் பாருங்கள். உள்ளே கை வைப்பதற்கு முன் இதைத்தான் செய்யவேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கும். குளவி மண் பூசியிருக்கும், பல்லி செத்துக் கிடக்கும், பெயின்டர் அடித்துவிட்டுப்போன சிமென்ட் பட்டி கட்டியாக நிற்கும், அல்லது பைப்பே மடங்கி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மாட்டியிருக்கும்.

வாய் சரியாக இருந்தால் அடைப்பு உள்ளே. வெளியிலிருந்து சைக்கிள் பம்பால் காற்றடிக்கலாம். பிறகு உள்ளே ஃபில்டரைக் கழற்றி, காயிலின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும். விட்டு விட்டுச் சொட்டினால் இன்னும் அடைப்பு இருக்கிறது. ஒரே தாரையாக வந்தால் சரி.

தயவுசெய்து வாயால் உறிஞ்சாதீர்கள். இதை எழுதவேண்டிய நிலை வந்திருக்கிறது என்றால் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மே 10, மதியம் 1.10

காற்றடிப்பது பற்றி அண்ணா நகர் மேடம் எழுதியதைப் படித்தேன். அவர் வீட்டில் பிளோயரால் அடித்ததில் சுவருக்குள் இருந்த ஜாயின்ட் கழன்றுவிட்டதாம், இப்போது தண்ணீர் பைப்பிலும் வரவில்லை, அறையிலும் சொட்டவில்லை, நேராகச் சுவரில் இறங்குகிறது. பெயின்ட் உப்பிக்கொண்டிருக்கிறது.

நடக்கக்கூடியதுதான். இன்டோர் யூனிட்டிலிருந்து வரும் வளையும் குழாயைச் சுவரில் பதித்த பிவிசி பைப்புக்குள் சும்மா செருகி, மேலே டேப் சுற்றி விடுவதுதான் இங்கே வழக்கம். யாரும் அதற்குப் பசை போடுவதில்லை. ஆகவே காலையில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். பைப் வெளியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடினால் பம்ப் அடிக்கலாம். கான்சீல்டு, அதாவது சுவருக்குள் பதித்தது என்றால் ஊதாதீர்கள், இழுங்கள்.

இழுப்பதற்கு ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் வேண்டும். வீடு கூட்டுகிற சாதாரண வாக்குவத்தை வைத்தால் மோட்டாருக்கு அன்றோடு ஆயுசு முடியும். கார் கழுவும் கடையில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பார்கள், தெரிந்தவராக இருந்தால். பைப் வாயோடு குழாயை வைத்து, இடைவெளியில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றி, ஒன்றிரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள். ஊதினால் அழுக்கு ஏறிப்போய் டிரேயில் உட்காரும், நாலு நாளில் திரும்பி வரும். இழுத்தால் வெளியே வந்துவிடும். வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்கலாம் என்பது தனித் திருப்தி.

மே 10, இரவு 9.30

அது என்ன அழுக்கு என்று கேட்டவருக்கு. எங்கள் வீட்டு ஹால் ஏசியில் இழுத்தபோது வந்தது, ஜவ்வரிசியைச் சாம்பலில் புரட்டி வேகவைத்த மாதிரி ஒரு சரடு. ஒரு முழம் இருந்தது. விரலில் எடுத்தால் வழுக்கியது, நசுக்கினால் நடுவில் பஞ்சும் தலைமுடியும். வெறும் தூசு இல்லை. தூசு, ஈரம், இருட்டு மூன்றும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து தங்களுக்குத் தாங்களே ஒரு கொழகொழப்பைக் கட்டிக்கொள்கின்றன. அதனால்தான் தண்ணீரை மட்டும் ஊற்றினால் அசையமாட்டேன் என்கிறது. ஏசியை ஓயாமல் ஓட்டும்போது மட்டும்தான் இது அடைக்கும் என்று இல்லை. மார்ச்சில் முதல் தடவை போடும்போது ஒழுகுகிறதே, அது குளிர்காலம் முழுக்க உள்ளே காய்ந்து கெட்டியானது.

மே 12, காலை 8.00

வினிகரா பிளீச்சா என்று இரண்டு நாளாகச் சண்டை நடக்கிறது.

வினிகர். பலசரக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஒரு கப், டிரேயில் பைப் தொடங்கும் பக்கமாக ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். கெட்டியான அடைப்பை அது கரைக்காது, எதிர்பார்க்காதீர்கள். அடைப்பை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் கொழகொழப்பைத் தளர்த்தும், அவ்வளவுதான்.

பிளீச் கிருமியைக் கொல்லும், உண்மை. ஆனால் காயிலின் அலுமினியத் தகடுகளையும் அரிக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட் அதைவிட மோசம். இன்னும் முக்கியம்: ஒருவர் ‘ரெண்டையும் கலந்து ஊற்றினேன், சூப்பர்’ என்று எழுதியிருக்கிறார். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். படுக்கையறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மூஞ்சிக்கு நேராக! பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்தாலும் இதே கதைதான்.

மே 12, காலை 8.25

மேலே எழுதியதற்கு ‘பயமுறுத்தாதீங்க’ என்று பதில் வந்திருக்கிறது. பயமுறுத்தத்தான் எழுதினேன்.

மே 13, இரவு 11.00

மடிப்பாக்கம் நண்பர் செய்தி அனுப்பியிருக்கிறார். ஐஸ் இல்லை. பைப் வாயில் பாதி அடைப்பு, இழுத்து எடுத்தாயிற்று, தண்ணீர் தாரையாக வருகிறது. இருந்தும் காலையில் இடது மூலையில் ஈரம், முன்பைவிடக் குறைவு.

இப்போதுதான் கவனித்தேன், அவருக்குப் பைப் வலது பக்கம் போகிறது. சொட்டுவது இடது. இது வேறு சங்கதி. இரண்டு விஷயம் பாருங்கள். சில மாடல்களில் டிரேக்கு இரண்டு பக்கமும் வாய் இருக்கும், பயன்படாத பக்கத்தை ஒரு சின்ன ரப்பர் அடைப்பான் மூடியிருக்கும். சர்வீஸில் அது கழன்று விழுந்து, கூட்டிப் பெருக்கியதில் போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போயிருந்தால் போட்ட கொஞ்ச நேரத்திலேயே சொட்டும்.

ஆகவே என் ஓட்டு வாட்டத்துக்கு. யூனிட்டே இடது பக்கம் இறங்கியிருக்கும். ஜெட் அடிப்பவர்கள் பாலிதீன் பையை மாட்டும்போது யூனிட்டைக் கீழ்நோக்கி இழுப்பார்கள், சுவரில் ஸ்க்ரூ லூசாக இருந்தால் ஒரு பக்கம் இறங்கும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், குமிழ் மேடான பக்கம் ஓடும். கட்டிட மேஸ்திரி யாராவது தெரிந்தால் அவர் பையில் இருக்கும், இல்லாவிட்டால் மொபைலிலேயே இருக்கிறது. யூனிட் மட்டமாக இருக்கவேண்டும், அல்லது பைப் பக்கம் துளி இறங்கியிருக்கலாம். எதிர்ப்பக்கம் இறங்கவே கூடாது.

மே 15, காலை 7.00

குமிழ் வலது பக்கம் ஓடியதாம். இரண்டு ஸ்க்ரூவுக்குப் புதிய பிளக் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ‘கேஸ் போட்டிருந்தா?’ என்று கேட்கிறார். 3500 ரூபாய் போயிருக்கும், தலையணையும் நனைந்திருக்கும்.

இதை வைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். டிரெயின் பைப்பில் பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாக விழுந்தால்தான் உண்டு. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். எங்கள் நங்கநல்லூர் ஃபிளாட்டில் பில்டர் ஹாலிலிருந்து பால்கனி வரை சுவருக்குள் பைப்பைக் கொண்டுபோய், நடுவில் பீமைத் தாண்டுவதற்காக ஒரு மேடு ஏற்றி இறக்கியிருந்தார். மேட்டுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நிற்கிற இடத்தில் கொழகொழப்பு வளரும். நான் வினிகர் ஊற்றி ஊற்றிச் சலித்துப்போய், கடைசியில் அந்தப் பைப்பைக் கைகழுவிவிட்டு, வெளிச்சுவர் வழியாக நேரே இறங்குகிற மாதிரி ஒரு அங்குல பிவிசி போட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அடைக்கவில்லை.

சாம்பல் நிற வளையும் குழாயை நீளமாக ஓட்டாதீர்கள். அது நடுவில் தொய்யும், தொய்ந்த இடமெல்லாம் ஒரு குட்டிக் குளம். இறக்கமே கிடைக்காத அறை என்றால் டிரெயின் பம்ப் என்று சின்னதாக ஒன்று விற்கிறார்கள், மேலே ஏற்றி வெளியே தள்ளும். அது கெட்டுப்போனால் மறுபடி இங்கே வருவீர்கள்.

மே 18, மாலை 6.45

‘தண்ணீர் கேஸிலிருந்து வருகிறதா? செடிக்கு ஊற்றலாமா? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு?’

கேஸிலிருந்து இல்லை. அறைக் காற்றிலிருந்து: நம் மூச்சு, வியர்வை, உள்ளே காயப்போட்ட துணி, எல்லாவற்றுக்கும் மேல் வங்காள விரிகுடா. ஏசி பிறந்ததே ஈரத்தை எடுக்கத்தான். 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் நெளிந்து ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக விழவில்லை என்று, வில்லிஸ் கேரியர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த இயந்திரம் அமைத்துக்கொடுத்தார். நம்மவர்கள் அச்சகத்தைச் சிவகாசி வெயிலில் வைத்து, கரண்ட் பில் இல்லாமல் அதே காரியத்தைச் சாதித்தார்கள்.

செடிக்கு, வீடு துடைக்க, வண்டி கழுவத் தாராளமாக. குடிக்கக் கூடாது. பேட்டரிக்கு வேண்டாம். காற்றிலிருந்து வடிந்ததுதான் என்றாலும் செம்பையும் அலுமினியத்தையும் தூசையும் தொட்டுக்கொண்டு வருகிறது. கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன் விலை ஒன்றும் பெரிதில்லை, பேட்டரி விலையைப் பார்க்கும்போது.

2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தபோது எங்கள் தெருவில் ஏசிப் பைப்புக்குக் கீழ் கேன் வைக்காத வீடு குறைவு. அந்தப் பழக்கம் நல்லதுதான், ஆனால் பைப் நுனி கேன் தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது. முங்கினால் உள்ளேயிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் தயங்கி நிற்கும். அடைப்பே இல்லாமல் அடைப்பு. நுனிக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கேனைத் தினம் காலி செய்யுங்கள், டெங்கு பரப்பும் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படிப்பட்ட நல்ல தண்ணீர்தான் வேண்டும். சன்ஷேடில் தேங்கினாலும் அதே கதை.

மே 27, இரவு 10.10

திருவான்மியூர்காரர் ஒருவர் எல்லாம் செய்தும் யூனிட்டுக்குக் கீழே சுவர் ஓதம் அடிக்கிறது என்கிறார். பைப் சரி, வாட்டம் சரி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் செம்புக் குழாயைச் சுற்றிய கறுப்பு ஃபோம் ஒரு இடத்தில் கிழிந்திருக்கிறது. குளிர்ந்த குழாய்மேல் நேராகக் காற்றுப் பட்டு வியர்க்கிறது, அது சுவரில் இறங்குகிறது. டிரெயின் பைப்பைக் குறைசொல்லி என்ன பயன்? புதிய ஃபோம் வாங்கிச் சுற்றி டேப் போடுங்கள், முடிந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்குள் டிரெயின் பைப் ஓடினால் அதற்கும் ஃபோம் வேண்டும். உள்ளே போவதும் குளிர்ந்த தண்ணீர்தானே.

ஜூன் 6, இரவு 9.00

‘எனக்கு நிஜமாகவே ஐஸ் கட்டுகிறது’ என்று ஒருவர் வந்துவிட்டார். ஃபில்டர் கழுவி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன், பதில் இல்லை. காற்று போகாத காயிலில் ஐஸ்தான் கட்டும். 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கவேண்டும் என்பது விதி. நாம் அதை 17-க்கு இறக்கி, ஃபேனை மெதுவில் வைத்து, ஃபில்டரில் கம்பளி நெய்து வைத்திருக்கிறோம். கழுவிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஐஸ் கட்டினால் அப்போது மெக்கானிக் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அடுத்த வருஷமும் நிரப்புவீர்கள்.

ஜூன் 6, இரவு 9.40

மாடி வீட்டு ஏசித் தண்ணீர் தன் சன்ஷேடில் ராத்திரி முழுக்க டொக் டொக் என்று விழுகிறதாம், அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் மூன்று நாளாக ரகளையாம். நியாயம் யார் பக்கம் என்று கேட்கிறார். கீழ்வீட்டுக்காரர் பக்கம். மேல்வீட்டுக்காரரிடம் பத்தடி பைப்பும் இரண்டு எல்போவும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் செலவழித்த டேட்டாவைவிட மலிவு.

அக்டோபர் 24, காலை 9.15

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். வேளச்சேரியிலிருந்து கேள்வி: ஏசியே போடவில்லை, மழை பெய்யும்போது ஏசியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பேய் என்று மாமியார் சொல்கிறாராம்.

உங்கள் டிரெயின் பைப்பை மொட்டைமாடி மழைநீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். அடைமழையில் அந்தக் குழாய் நிரம்பி, அல்லது கீழே இலை அடைத்து, தண்ணீர் போக இடமில்லாமல் உங்கள் வீட்டுக்குள் ஏறி வருகிறது. இணைப்பை வெட்டிவிட்டு, ஏசிப் பைப்பைத் தனியாகக் கீழே இறக்குங்கள். சாக்கடைக் குழாயோடு இணைத்திருந்தாலும் வெட்டவேண்டியதுதான், இல்லையென்றால் நடுவில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் யு வளைவு ஒன்று இருக்கவேண்டும். அதுவும் ஏசி ஓடாத மாதங்களில் உள்ளே தண்ணீர் காய்ந்துபோகும், நாற்றமும் கரப்பானும் நேரே படுக்கையறைக்கு வரும். அவ்வப்போது ஒரு மக் ஊற்றிவைக்கவேண்டும்.

அக்டோபர் 24, காலை 9.30

வெட்டுவதற்கு ஹாக்சா பிளேடு போதும், பிளம்பருக்குப் பத்து நிமிஷ வேலை. ஆனால் மழை விட்ட பிறகு. இப்போதே பால்கனியில் எட்டி நின்று வெட்ட ஆரம்பிக்காதீர்கள். அதுவரை ஏசியின் எம்சிபி இறங்கியே இருக்கட்டும்.